ஆக்ஸ்ஃபர்டில் வெளிநாட்டு மாணவராகப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்ஸ்ஃபர்டில் முதுகலையும் பிறகு ஆய்வுப் படிப்பும் முடித்ததால், ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் பிறந்ததும் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பாதி மாணவர்களிடமிருந்து, பாதி பெற்றோரிடமிருந்து. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டணமும் விசா விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. பணம் கட்டுமுன் பல்கலைக்கழகத்தின் பக்கத்தையும் பிரிட்டிஷ் அரசின் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆக்ஸ்ஃபர்ட் எப்போது தொடங்கப்பட்டது? அந்தப் பழமையால் படிக்க வருபவருக்கு என்ன ஆகப்போகிறது?

தொடங்கிய நாள் என்று ஒன்று கிடையாது. 1096-இல் அங்கே பாடம் நடந்ததற்குச் சான்று இருக்கிறது. 1167-இல் இரண்டாம் ஹென்றி மன்னர் ஆங்கிலேய மாணவர்கள் பாரிஸுக்குப் போய்ப் படிப்பதைத் தடுத்தபோது கூட்டம் இங்கே பெருகியது. 1209-இல் ஊர்க்காரர்களோடு மூண்ட தகராறில் தப்பி ஓடியவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம்தான் கேம்பிரிட்ஜ்.

இதில் மாணவருக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. யூனிவர்சிட்டி கல்லூரி 1249, பேலியல் 1263, மெர்ட்டன் 1264 என்று கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தனித்தனிச் சொத்தோடும் தனித்தனிச் சட்டத்தோடும் முளைத்தன. இன்று நாற்பதுக்கும் சற்று அதிகமாக இருக்கின்றன. நம் ஊர்களில் ‘இணைப்புக் கல்லூரி’ என்றால் ஒரு படி கீழே என்று நினைப்போம். இங்கே அப்படி இல்லை. தேர்வு வைப்பதும் பட்டம் தருவதும் பல்கலைக்கழகம். தங்க இடம், சாப்பாடு, ஒரு நூலகம், இளங்கலை மாணவருக்கு வாராவாரம் பாடம், உடம்புக்கு முடியாவிட்டால் விசாரிக்க ஓர் ஆள், இதெல்லாம் கல்லூரி. ஆக, உங்களுக்கு எப்போதும் இரண்டு வீடு. ஒரு சிக்கல் வந்தால் துறையில் கேட்பதா கல்லூரியில் கேட்பதா என்று தெரிந்துகொள்வதற்கே முதல் பருவம் போய்விடும்.

எந்தக் கல்லூரி நல்லது?

இந்தக் கேள்விக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. கல்விக் கட்டணம் எல்லாக் கல்லூரியிலும் ஒன்றுதான், பட்டத்திலும் வேறுபாடு கிடையாது. குறிப்பிட்ட கல்லூரி வேண்டாமென்றால் பொது விண்ணப்பம் போடலாம். நீங்கள் ஒன்றைக் கேட்டு வேறொன்றில் இடம் கிடைப்பதும் சகஜம்.

பார்க்கவேண்டியவை வேறு: உங்கள் பாடம் அங்கே உண்டா, எத்தனை ஆண்டு அறை தருவார்கள், சொந்தமாகச் சமைக்க அடுப்பு உண்டா, விடுமுறையில் தங்க விடுவார்களா, துறைக்கு எவ்வளவு தூரம். செயின்ட் ஜான்ஸ் மாதிரி பணக்காரக் கல்லூரிகள் புத்தகத்துக்கும் பயணத்துக்கும் தாராளமாகக் கொடுப்பார்கள், சில கல்லூரிகளால் முடியாது. மேற்படிப்புக்கு வருபவர்கள் உல்ஃப்சன், செயின்ட் ஆன்டனிஸ், லினக்கர் போன்ற பட்டதாரிகளுக்கு மட்டுமான கல்லூரிகளைக் கவனியுங்கள். வயதில் மூத்தவர்களும் பல நாட்டவரும் அங்கே அதிகம். தனிமை குறையும்.

இளங்கலைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

படிப்பு தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய அக்டோபர் 15-க்குள், பிரிட்டிஷ் நேரம் மாலை 6 மணிக்கு முன். விண்ணப்பம் யூகாஸ் என்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பொது விண்ணப்ப அமைப்பு வழியாகத்தான் போகும். மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி வரை நேரம் இருப்பதால் இதிலும் இருக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சேர்த்து இளங்கலைக்கு விண்ணப்பிக்க முடியாது. வேறொரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்துவிட்டு இரண்டாமாண்டில் நேராகச் சேரவும் முடியாது.

எல்லா நாட்டின் பள்ளிச் சான்றிதழையும் அப்படியே ஏற்பதில்லை. எந்த நாட்டில் எந்தத் தேர்வு, எத்தனை மதிப்பெண் என்று நாடுவாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு அதைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு நடுவில் பார்த்தால் ஒன்றும் செய்ய இயலாது. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் என்றால் பெரும்பாலான பாடங்களுக்கு மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7 வேண்டும். அப்புறம் நுழைவுத் தேர்வு. சட்டத்துக்கு எல்நாட், மருத்துவத்துக்கு யூகாட். மற்றப் பாடங்களின் தேர்வுகளை அண்மையில் மாற்றிவருவதால் அண்ணனோ அக்காவோ எழுதிய தேர்வை நம்பித் தயாராகாதீர்கள்.

போட்டி எப்படி?

இளங்கலையில் சுமார் 3,300 இடங்களுக்கு ஆண்டுக்கு 23,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். ஏழில் ஒன்று. ஆனால் பாடத்துக்குப் பாடம் இது பெரிதும் மாறும். கணினி அறிவியலும் பொருளாதாரம் சேர்ந்த படிப்புகளும் மிக நெருக்கடி. செவ்வியல் மொழிகளும் இசையும் அந்த அளவுக்கு இல்லை. சுலபமாக இடம் கிடைக்கும் என்று பிடிக்காத பாடத்தைக் கேட்பது மட்டும் வேண்டாம். அடுத்த கேள்வியில் சொல்லும் நேர்காணலில் அது ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? பொது அறிவு படிக்க வேண்டுமா?

வேண்டாம். உங்கள் லட்சியம் என்ன, பத்து ஆண்டுக்குப் பின் எங்கே இருப்பீர்கள் என்றெல்லாம் கேட்டு நேரத்தைப் போக்க மாட்டார்கள். டிசம்பரில் இணையவழியில் நடக்கும். பெரும்பாலும் இரண்டு ஆசிரியர்கள், இருபது முப்பது நிமிடம், முழுக்கப் பாடம்தான்.

ஒரு மாதிரிக்கு, கணிதத்துக்கு வந்த மாணவி என்று வைத்துக்கொள்வோம். சைன் எக்ஸ் வளைவை வரையச் சொல்வார்கள். இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே வரைந்திருப்பார், வரைந்துவிடுவார். சரி, எக்ஸ் இருக்கும் இடத்தில் ஒன்றின் கீழ் எக்ஸ் போட்டால்? இப்போது கை நிற்கும். எக்ஸ் மிகப் பெரிதானால் மதிப்பு பூஜ்யத்தை நெருங்கும், அது தெரிகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்ன நடக்கும்? அலைகள் நெருங்கி நெருங்கி, எத்தனை முறை ஏறி இறங்கும் என்று எண்ணவே முடியாமல் போகும். இதை அவர் தானாகச் சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. “அலை எங்கெங்கே அச்சை வெட்டும் என்று பார்க்கலாமா?” என்று ஒரு பிடி கொடுப்பார்கள். அந்தப் பிடியை வாங்கிக்கொண்டு வாய்விட்டு யோசிக்கிறாரா, அல்லது வாய்மூடிச் சரியான விடைக்காகக் காத்திருக்கிறாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் பேசாமல் இருப்பார்கள். பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் தேவையே இல்லை. வகுப்பில் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு, தெரியாத கணக்கு ஒன்றை எடுத்து, யோசிப்பதை எல்லாம் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பதில் ஜனவரியில் வரும்.

‘டியூட்டோரியல்’ என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது டியூஷன் மாதிரியா?

டியூஷனில் ஆசிரியர் பேசுவார், நீங்கள் எழுதுவீர்கள். இங்கே நீங்கள் எழுதிக்கொண்டு போய்ப் பேச வேண்டும், ஆசிரியர் கேட்பார். ஆக்ஸ்ஃபர்ட் இளங்கலைக்கு இவ்வளவு காசு கொடுப்பதற்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் வேறு நல்ல பல்கலைக்கழகங்களிலும் கிடைக்கும்.

வரலாறு படிக்கும் மாணவரின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைப்பும் எட்டு பத்துப் புத்தகங்களின் பட்டியலும் கையில் வரும். எல்லாவற்றையும் முழுதாகப் படிக்க முடியாது என்பது கொடுத்தவருக்கும் தெரியும். எதை விடுவது என்று முடிவெடுப்பதும் பாடத்தில் சேர்ந்தது. நாலைந்து நாளில் 2,000 சொல்லுக்குக் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். குறித்த நேரத்தில் ஆசிரியரின் அறைக்குப் போனால் பழைய சோபா, சுவர் முழுக்கப் புத்தகம், உங்களோடு இன்னொருவர் அல்லது இருவர். சில வேளை நீங்கள் மட்டும். ஒரு மணி நேரம். மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியத்தைக் காட்டி “இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?” என்பார். நீங்கள் ஒரு நூலாசிரியரின் பெயரைச் சொல்வீர்கள். “அவர் சொன்னது இருக்கட்டும், அவருக்கு அது எப்படித் தெரியும்?” என்பார். அங்கிருந்து மீதி ஐம்பது நிமிடம் போகும்.

முதல் சில வாரம் இது அவமானம் போலத் தோன்றும். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்கு ரொம்பவே. ஆசிரியர் மறுத்துப் பேசினால் கோபித்துக்கொண்டார் என்றே நமக்குப் பழக்கம். இங்கே மறுக்காமல் தலையாட்டிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். நீங்களும் திருப்பி மறுக்கலாம். பெரும்பாலான ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அறுபது வயதுக்காரரை அப்படிக் கூப்பிட வாய் வராதவர்கள் “டாக்டர்” என்றோ “புரொஃபசர்” என்றோ குடும்பப்பெயரோடு சொல்லிச் சமாளிக்கலாம், தப்பில்லை.

அறிவியல் மாணவர்களுக்குக் கட்டுரைக்குப் பதில் கணக்குத் தாள்கள். அதோடு ஆய்வகம் வேறு. வாரத்துக்கு இரண்டு டியூட்டோரியல் வந்தால் தூக்கம் குறையும்.

ஒன்று கவனியுங்கள். பல பாடங்களில் முதலாண்டுத் தேர்வில் தேறினால் போதும், பட்டத்தின் தரத்தில் அது சேராது. வாராந்தரக் கட்டுரை மதிப்பெண்ணும் சேராது. கடைசித் தேர்வுகளே தீர்மானிக்கும். மாதாமாதம் உள்மதிப்பீட்டு மதிப்பெண் சேர்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

முதுகலைக்கும் இதே மாதிரியா?

பெரும்பாலும் இல்லை. விரிவுரை, கருத்தரங்கம், மேற்பார்வையாளருடன் சந்திப்பு, நீண்ட கட்டுரை. இளங்கலை டியூட்டோரியலை நினைத்துக்கொண்டு ஓராண்டு முதுகலைக்கு வந்து ஏமாறுபவர்கள் நிறைய. ஓராண்டு என்பதும் ஓடிவிடும். அக்டோபரில் வந்து இடம் பழகி முடிப்பதற்குள் ஆய்வேட்டுத் தலைப்பு கேட்டுவிடுவார்கள். முடிந்தால் இரண்டாண்டு எம்ஃபில் பாருங்கள்.

பட்டப் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சட்டத்தில் பிசிஎல், தத்துவத்தில் பிஃபில் இரண்டும் பெயரில் இளங்கலை மாதிரி இருந்தாலும் கடினமான மேற்படிப்புகள். முனைவர் பட்டத்துக்கு இங்கே டிஃபில் என்று பெயர். டிஃபிலில் சேர்ந்ததும் ஒருவர் தகுதிகாண் ஆய்வு மாணவர்தான். பிறகு ‘தகுதி மாற்றம்’, அதன்பின் ‘தகுதி உறுதிப்பாடு’ என்று இரண்டு படி தாண்டி, கடைசியில் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும். விண்ணப்பத்தின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில் அல்லது ஜனவரியில். உதவித்தொகை வேண்டுமென்றால் அந்தத் தேதியைத் தவறவே விடாதீர்கள்.

ஒரு பருவம் எட்டு வாரம்தானா? அப்படியானால் ஆண்டில் பாதி விடுமுறையா?

மைக்கல்மஸ், ஹிலரி, டிரினிட்டி என்று மூன்று பருவம், ஒவ்வொன்றும் எட்டு வாரம். வாரம் ஞாயிறில் தொடங்கும். ‘மூன்றாம் வாரம் வியாழன்’ என்றால் எல்லாருக்கும் புரியும், தேதி சொன்னால்தான் காலண்டரைத் தேடுவார்கள். இடைப்பட்ட காலம் விடுமுறை என்று பெயர். படிக்காமல் திரும்பினால் பருவத் தொடக்கத்தில் கல்லூரி வைக்கும் ‘கலெக்‌ஷன்ஸ்’ தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

வெளிநாட்டு மாணவருக்கு இதில் ஒரு தொல்லை இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல கல்லூரிகளில் இளங்கலை மாணவர்கள் பருவம் முடிந்ததும் அறையைக் காலிசெய்ய வேண்டும். மற்றவர்களின் அப்பா காரில் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். உங்களுக்கு? விடுமுறையில் தங்கத் தனியாக விண்ணப்பித்து, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களின் பெட்டிகளை வைக்க ஓர் அறை ஒதுக்கியிருப்பார்கள், அதில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். அரிசிக் குக்கரும் குளிர்காலக் கோட்டும் வைத்த அட்டைப்பெட்டியின் மேல் பெயரையும் கல்லூரியையும் பெரிதாக எழுதி, ஏழாம் வாரத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

வெளிநாட்டு இளங்கலை மாணவரின் கல்விக் கட்டணம் பாடத்தைப் பொறுத்து ஆண்டுக்குச் சுமார் 35,000 பவுண்டில் தொடங்கி 60,000 பவுண்டு வரையும் அதற்கு மேலும் போகிறது. அறிவியல் பாடங்களுக்கு அதிகம். வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,400 முதல் 2,000 பவுண்டு வரை வைத்துக்கொள்ளுங்கள். வாடகையில் லண்டனுக்கு இந்த ஊர் அதிகம் சளைத்ததில்லை. கல்லூரியில் உண்டதற்கும் தங்கியதற்கும் பருவத்துக்கு ஒருமுறை ‘பேட்டல்ஸ்’ என்று ஒரு பில் வரும். கார்டைத் தட்டித் தட்டிச் சாப்பிட்டதெல்லாம் மொத்தமாக அதில் நிற்கும்.

கட்டணம் ஆண்டுதோறும் ஏறக்கூடும். முதலாண்டுத் தொகையை மூன்றால் பெருக்கிக் கணக்குப் போடாதீர்கள்.

உதவித்தொகை கிடைக்குமா?

இளங்கலைக்கு மிகக் குறைவு. ரீச் ஆக்ஸ்ஃபர்ட் என்று வருமானம் குறைந்த நாடுகளின் மாணவர்களுக்கு ஒன்று உண்டு, இடங்கள் விரல்விட்டு எண்ணலாம். மேற்படிப்புக்கு நிலைமை எவ்வளவோ மேல். கிளாரெண்டன் உதவித்தொகைக்கு நாடு தடையில்லை, தனி விண்ணப்பமும் இல்லை. டிசம்பர் அல்லது ஜனவரிக் கெடுவுக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தாலே பரிசீலிப்பார்கள். ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்டோருக்குக் கிடைக்கிறது. வைடன்ஃபெல்ட்-ஹாஃப்மன், இந்திய மாணவர்களுக்கு ஃபெலிக்ஸ், ஓராண்டு முதுகலைக்குச் செவனிங், காமன்வெல்த் என்று இன்னும் உண்டு.

ரோட்ஸ் உதவித்தொகை எல்லாவற்றிலும் பெயர்பெற்றது. ஆப்பிரிக்காவில் காலனி ஆட்சியை விரித்த செசில் ரோட்ஸ் 1902-இல் இறந்தபோது எழுதிவைத்த சொத்தில் நடப்பது. பெண்களுக்குத் திறந்துவிட்டதே 1977-இல்தான். ஓரியல் கல்லூரி முகப்பில் நிற்கும் அவருடைய சிலையை அகற்றக் கோரி மாணவர்கள் போராடியது உலகச் செய்தியானது. அந்தப் பணத்தில் படித்துக்கொண்டே அந்தச் சிலையை எதிர்த்தவர்களும் உண்டு. அதில் முரண் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டை அடகு வைத்துப் போகலாமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. பெயருக்காக மட்டும் என்றால் வேண்டாம். முழு உதவித்தொகையோடு டிஃபில் என்றால் யோசிக்காமல் போகலாம். கடன் வாங்கி ஓராண்டு முதுகலை என்றால், படிப்பு முடிந்து அந்நாட்டில் வேலை கிடைக்காவிட்டாலும் ஊர்ச் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் ஓராண்டு தள்ளிப்போட்டு உதவித்தொகைக்கு மறுபடி முயலுங்கள். பல்கலைக்கழகம் தொள்ளாயிரம் ஆண்டாக அங்கேயே இருக்கிறது, அடுத்த ஆண்டும் இருக்கும்.

விசாவுக்கு என்னென்ன வேண்டும்?

இடம் உறுதியானதும் பல்கலைக்கழகம் ‘காஸ்’ என்ற சேர்க்கை உறுதிப்பாட்டு எண் தரும். அதை வைத்துத்தான் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். விசாக் கட்டணம் 500 பவுண்டுக்கு மேல். அதோடு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, படிப்புக் காலம் முழுதுக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு அதுவே 2,000 பவுண்டைத் தாண்டிவிடும். பட்ஜெட்டில் இதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுபவர்கள் அதிகம்.

கட்டவேண்டிய முதலாண்டுக் கட்டணத்தோடு, செலவுக்கு மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 10,539 பவுண்டு கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். இது 2025 நவம்பரில் வந்த தொகை. பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். 27-ஆம் நாள் யாரோ அவசரத்துக்குக் கொஞ்சம் எடுத்து, இருப்பு வேண்டிய தொகைக்குக் கீழே போய்விட்டால், திரும்பப் போட்டாலும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இந்தியா, இலங்கை உட்படப் பல நாட்டினர் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். சில அறிவியல், பொறியியல் மேற்படிப்புகளுக்கு ‘ஏடாஸ்’ என்ற பாதுகாப்பு அனுமதியும் தேவை. அது வரச் சில வாரமாகும் என்பதால் முதலில் அதைத் தொடங்குங்கள்.

குடும்பத்தைக் கூட்டிப்போகலாமா?

2024 ஜனவரிக்குப் பின் பொதுவாக ஆய்வுப் படிப்பு மாணவர்கள் மட்டுமே கணவன், மனைவி, பிள்ளைகளை உடன் அழைத்துவர முடியும். சாதாரண முதுகலைக்கு முடியாது.

பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா?

விசா பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் அனுமதிக்கிறது. ஆனால் பல்கலைக்கழகம் அவ்வளவு விரும்புவதில்லை, இளங்கலை மாணவர்களை ரொம்பவே தடுக்கிறது. வாரக் கட்டுரையும் ஓட்டல் வேலையும் ஒன்றாக ஓடாது என்பது உண்மையும்கூட. நூலக மேசை, கல்லூரி மதுக்கூடம், நன்கொடையாளருக்குத் தொலைபேசி செய்வது போன்ற உள்வேலைகள் கிடைக்கும், கைச்செலவுக்கு ஆகும். சுயதொழில் கூடவே கூடாது. ஃப்ரீலான்ஸாக இணையதளம் செய்துகொடுப்பதும், யூடியூப் வருமானமும் அதில் அடங்கும்.

கறுப்பு அங்கியெல்லாம் உண்மையிலேயே போட வேண்டுமா?

ஆமாம். கறுப்பு உடை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை அல்லது நாடா, மேலே அங்கி. ‘சப் ஃபஸ்க்’ என்பார்கள். சேர்க்கை விழாவுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் கட்டாயம். தேர்வுக்கு இது வேண்டுமா என்று 2015-இல் மாணவர்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முதல் தேர்வுக்கு வெள்ளை, நடுத் தேர்வுகளுக்கு இளஞ்சிவப்பு, கடைசிக்குச் சிவப்பு என்று கார்னேஷன் பூவைச் சட்டையில் குத்திக்கொள்வதும் உண்டு. அங்கியைப் புதிதாக வாங்காதீர்கள், முடித்துப் போகிறவர்கள் பாதி விலைக்குத் தருவார்கள்.

கல்லூரியின் சம்பிரதாய விருந்தில் எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்று கலங்க வேண்டாம். எதிரில் இருக்கும் ஆங்கிலேயப் பையனுக்கும் தெரியாது.

போட்லியன் நூலகத்தில் புத்தகம் எடுத்துவரலாமா?

மையக் கட்டடத்தில் முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். 1645-இல் முதலாம் சார்லஸ் மன்னர் ஒரு புத்தகத்தை இரவல் கேட்டபோதே இல்லை என்று சொன்ன நூலகம் அது. 1602-இல் திறந்தது. 1610-இல் அச்சகத்தார் சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தால் நாட்டில் அச்சாகும் புத்தகத்தில் ஒரு பிரதி வரத் தொடங்கியது, இன்று 1.3 கோடிக்கு மேற்பட்ட அச்சுப் பிரதிகள். வாசகர் உறுதிமொழியில் ‘நூலகத்துக்குள் தீ மூட்ட மாட்டேன்’ என்ற வரி இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போக உங்கள் கல்லூரி நூலகம் போதும். பலவற்றில் இரவு முழுதும் திறந்திருக்கும்.

நம்மவர்கள் அங்கே அந்நியமாக உணர்வார்களா?

சில நாள் உணர்வீர்கள். வெள்ளைக்கார நிலப்பிரபுக்களின் ஓவியங்களுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போது தோன்றும். ஆனால் நீங்கள் முதல் ஆள் இல்லை. இந்தியாவிலிருந்து வந்த கார்னிலியா சொராப்ஜி, 1892-இல் சோமர்வில் கல்லூரியிலிருந்து பிசிஎல் தேர்வு எழுதிய முதல் பெண். பெண்களுக்குப் பட்டம் தர 1920 வரை பல்கலைக்கழகம் மறுத்ததால், அவர் கையில் பட்டம் வந்தது 1922-இல். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த லக்ஷ்மன் கதிர்காமர் 1959-இல் ஆக்ஸ்ஃபர்ட் யூனியன் என்ற விவாத மன்றத்தின் தலைவராக இருந்தார். மன்மோகன் சிங் நஃபீல்டு கல்லூரியில் டிஃபில் முடித்தவர். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப், கடைசிக் காலத்தில் இங்கேதான் தமிழ் கற்பித்தார். வால்ட்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நடந்தே போகலாம்.

சாப்பாட்டுச் சாமானுக்குக் கவுலி சாலை. வெயில்தான் கிடைக்காது. டிசம்பரில் மாலை நான்கு மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

சமாளிக்க முடியாமல் போனால்?

ஐந்தாம் வாரத்தில் பலருக்கும் மனம் சோர்ந்துவிடும். அதற்கு ‘ஐந்தாம் வாரச் சோர்வு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர், கல்லூரியின் நலப் பொறுப்பாளர், பல்கலைக்கழகத்தின் இலவச ஆலோசனைச் சேவை, யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். பதினெட்டு வயது ஆனவரின் மதிப்பெண்ணைக்கூட அவர் அனுமதியில்லாமல் பெற்றோருக்குத் தருவதில்லை.

படிப்பை ஓராண்டு நிறுத்திவைக்கவும் வழி உண்டு. ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர் அப்படி நிறுத்தினால் நாட்டை விட்டுப் போய், புது விசாவோடு திரும்ப வேண்டியிருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை தேடலாமா?

பட்டதாரி விசா இரண்டாண்டுக்குக் கிடைக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறையும். முனைவர் பட்டத்துக்கு மூன்றாண்டு, அதில் மாற்றமில்லை. மாணவர் விசா முடிவதற்குள், பிரிட்டனில் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டு முதுகலைக்காரர்கள் அக்டோபரில் வந்து இறங்கிய கையோடு வேலைக்கு மனுப்போட வேண்டும், பெரிய நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அப்போதே நடக்கிறது.

பட்டமளிப்புக்கு அப்பா அம்மாவை அழைத்துவரலாமா?

கட்டாயம். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த ஷெல்டோனியன் அரங்கில் நடக்கும், சடங்கு லத்தீனில். விருந்தினர் சீட்டு மாணவருக்குச் சிலதான், அண்ணன் குடும்பம் வரை கூட்டிவர முடியாது. படிப்பு முடிந்ததும் பட்டம் தானாக வந்துவிடாது, நாளைப் பதிவு செய்ய வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் வராமலே பெறலாம். இளங்கலை முடித்தவர்களுக்கு ஒரு வேடிக்கையான சலுகையும் உண்டு: சேர்ந்து 21 பருவம், அதாவது ஏழாண்டு கழிந்தால் தேர்வே இல்லாமல் எம்ஏ வாங்கிக்கொள்ளலாம்.

பெற்றோருக்குச் சுற்றுலா விசா வேண்டியிருக்கும். விழாத் தேதி உறுதியானதும் கல்லூரியிடம் அழைப்புக் கடிதம் கேட்டு வாங்கி, அதோடு விண்ணப்பியுங்கள். கோடையில் அந்த வாரத்து ஓட்டல் அறைகள் சீக்கிரம் போய்விடும். பெரும்பாலான மாணவர்கள் ஊருக்குப் போயிருக்கும் நேரம் என்பதால், கல்லூரியிலேயே காலி அறை வாடகைக்குத் தருவார்கள். அதை முதலில் கேட்டுப் பாருங்கள்.